கூதிர்க்காலக் காஞ்சி: ஏரிக்கரை வரை ஓர் ஆற்றுப்படை

ஊருக்குப் புதியவனுக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்த மொழி நம்முடையது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். அவற்றுள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வறுமையில் வாடும் பாணன் ஒருவனைத் தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்கு அனுப்பிவைக்கிறது. எந்த நிலங்களைக் கடந்து செல்ல வேண்டும், எங்கே என்ன உணவு கிடைக்கும், திருவெஃகாவில் எவரைத் தொழ வேண்டும் என்றெல்லாம் 500 அடிகளில் விரித்துரைக்கும் அந்நூலைக் காஞ்சிக்கு எழுதப்பட்ட மிகப் பழைய பயணக் கையேடு என்று சொல்லிவிடலாம்.

அப்புலவரோடு போட்டியிடும் எண்ணம் நமக்கு இல்லை. ஆயினும் காஞ்சிக்குச் செல்லவிருக்கும் நண்பர்கள், எந்த மாதத்தில் செல்லலாம், எவற்றைப் பார்க்கலாம் என்று வினவும்போதெல்லாம் நாம் சொல்லும் விடை சற்று வேறுபட்டது. தை, மாசியில் வானம் தெளிந்தபின் செல்லுங்கள் என்றே பலரும் சொல்வர். நாமோ, ஐப்பசி பிற்பகுதியிலோ கார்த்திகையிலோ, குடை ஒன்றை எடுத்துக்கொண்டு செல்லுங்கள் என்போம். நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பகுத்தபோது இவ்விரு மாதங்களுக்கும் இட்ட பெயர் கூதிர். நெடுநல்வாடையின் களமான அதே குளிர்ந்த பருவம். வடகிழக்குப் பருவமழை தொண்டை நாட்டின் மீது இறங்கும் காலமும் அதுவே.

காரணம் இதுதான். காஞ்சி, கோயில்களின் நகரம் என்றும் பட்டின் நகரம் என்றும் பெயர் பெற்றது. அதற்கு முன்பே அது நீரைத் தேக்கி வாழக் கற்ற நாட்டின் தலைநகரம். கோடையில் வருபவருக்கு அந்த மூன்றாவது முகம் புலப்படுவதில்லை. குளம் வறண்டிருக்கும், பாலாறு மணற்பரப்பாகக் கிடக்கும், ஏரி மேய்ச்சல் நிலம்போல் தோன்றும். கூதிரில்தான் அந்நாடு தன் இயல்பான உருவத்தைக் காட்டுகிறது. உத்திரமேரூரின் புகழ்பெற்ற கல்வெட்டைக்கூட ஏரியில் நீர் நிற்கும்போது படித்தால்தான் முழுமையாகப் பொருள் விளங்கும் என்பது நம் துணிபு.

வெள்ளத்தில் பிறந்த தலபுராணங்கள்

ஏறத்தாழ கி.பி. 640இல் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நகரின் சுற்றளவு 30 லி என்றும், மண் வளமானது என்றும், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள் இருந்தன என்றும் குறித்துச் சென்றார். பல்லவர் தலைநகராகவும், சோழர் காலத்தில் தொண்டை மண்டலத்தின் தலைமை இடமாகவும் விளங்கிய அப்பெருநகர் 2021இல் மாநகராட்சியாயிற்று. ஆனால் அதன் இரு பெருங்கோயில்களின் தலக்கதைகளைக் கேட்டுப் பாருங்கள். இரண்டுமே வெள்ளத்தைப் பற்றியவை.

ஏகாம்பரநாதர் கோயிலில், மணலால் இலிங்கம் பிடித்து வழிபட்ட அம்மையைச் சோதிக்கக் கம்பையாறு பெருகி வருகிறது. இலிங்கம் கரைந்துவிடுமே என்று அஞ்சி அம்மை அதைத் தழுவிக் காக்கிறாள். தழுவக் குழைந்தவர் என்பது இறைவனின் பெயராகிறது. திருவெஃகாவில், பிரமனின் வேள்வியை அழிக்கக் கலைமகள் வேகவதியாகப் பெருக்கெடுத்து வருகிறாள். திருமால் அவள் வழியில் குறுக்கே படுத்து அணையாகிறார். வேகவணை என்பதே வெஃகா ஆயிற்று என்பது மரபுவழி விளக்கம். சொல்லாராய்ச்சி எதைச் சொன்னாலும், ஆற்றின் குறுக்கே படுத்துக் காப்பவரே கடவுள் என்று ஓர் ஊர் எண்ணியிருக்கிறது. வெயில் காலத்தில் இக்கதைகள் வெறும் கதைகளாகவே செவியில் விழும். நான்கு நாள் அடைமழைக்குப் பின் கேட்டால், சொன்னவர்கள் எதைக் கண்டு அஞ்சியிருப்பர் என்பது விளங்கும். அந்த வேகவதி இன்று ஒடுங்கிக் கழிவுநீர் சுமக்கும் வாய்க்காலாக நகரைக் கடக்கிறது. அதையும் பார்த்துவிட்டே செல்ல வேண்டும்.

காஞ்சியில் ஒரு நாள்

காலையில் கைலாசநாதர் கோயிலிலிருந்து தொடங்குவது நலம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எடுத்த கற்றளி அது. விமானத்தின் அடித்தளத்தில் கருங்கல், மேலே மணற்கல். சுற்றாலையில் 58 சிறு கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுட் சிலவற்றின் உட்சுவரில் பல்லவர் கால வண்ண ஓவியங்களின் எச்சங்கள் உள்ளன. பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் 1931இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவை அவை. உச்சி வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் முற்றத்திலிருந்து இருண்ட மாடத்துக்குள் எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேகம் மூடிய நாளில் ஒளி சீராகப் பரவுவதால் ஒரு கண்ணும் ஒரு புருவமும் ஓர் ஆரத்தின் விளிம்பும் மெல்லத் தெளிந்து வரும். மழை நாளில் காலடிக் கல் சுடுவதுமில்லை. ஆனால் வழுக்கும், நிதானம் தேவை.

அங்கிருந்து பரமேச்சுர விண்ணகரமாகிய வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குச் செல்லுங்கள். இரண்டாம் நந்திவர்மன் கட்டிய இக்கோயிலின் சுற்றுமண்டபச் சுவர்கள் பல்லவ வரலாற்றையே சிற்பத் தொடராகச் சொல்கின்றன. வெளியே மழை பெய்துகொண்டிருந்தாலும், சிங்கத் தூண்களின் பின்னே நனையாமல் நடந்து படிக்கத்தக்க வரலாற்று நூல் அது. அதில் ஒரு காட்சி நம் பயணத்துக்கு இன்றியமையாதது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி மறைந்தபின், மாத்திரரும் மூலப்பிரகிருதிகளும் கடிகையாரும் இரணியவர்மனிடம் சென்று அரசன் வேண்டும் என்கின்றனர். மூத்த மைந்தர் மூவரும் மறுக்க, இளையவனான 12 வயதுச் சிறுவன் பல்லவமல்லன் நான் செல்கிறேன் என்கிறான். அவனே நந்திவர்மன். அவையோர் சென்று தேடிக் கொணர்ந்த இந்த அரசனின் காலத்தில்தான் உத்திரமேரூர் சதுர்வேதிமங்கலம் உருவாயிற்று. பிற்பகலில் வரப்போகும் இன்னொரு சிறுவனுக்காக இவனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு குளம் அடுத்தது. அத்திமரத்தாலான பழைய மூர்த்தி அக்குளத்து நீருக்குள் துயில்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதர் 1979இல் எழுந்தருளினார்; பின்னர் 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை 48 நாள் காட்சி தந்தார். அந்நாட்களின் நெரிசலைக் கண்டவர்கள், மழைத்துளிகள் வட்டமிடும் இக்குளத்தின் படியில் தனித்து அமர்ந்தால் வேறோர் அனுபவம் பெறுவர். மிளகும் சீரகமும் சுக்கும் கலந்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் அவிக்கும் கோயில் இட்டலி, கூதிர்க் குளிருக்கென்றே கண்டறியப்பட்ட உணவு போலும். ஐப்பசி முழுமதி நாளாயின் சிவாலயங்களில் அன்னாபிடேகம் காணலாம். கார்த்திகையாயின் தூப்புல் விளக்கொளிப் பெருமாளைக் காணாமல் திரும்பலாகாது. கலைமகள் வேள்வியை இருளால் மூடியபோது திருமால் ஒளியாக நின்ற தலம் என்பர். திருவெஃகாக் கதையின் முன்கதை அது.

பட்டு வாங்குவோர் கடைக்குச் செல்லுமுன் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் சற்று நடந்து வருவது நல்லது. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப்பட்டின் தறிகள் பெரும்பாலும் குழித்தறிகள். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறும். விடியலில் தெருவில் பாவு நீட்டி ஒழுங்குசெய்யும் வேலை தடைப்படும். நெசவாளர் வீட்டில் அடுப்புப் புகைவது வானத்தைப் பொறுத்திருக்கும் நாட்கள் இவை. கோவைச் சேலை ஒன்றின் விலையைப் பேரம் பேசுமுன், உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓட, இருவர் இணைந்து நெய்வதை ஒருமுறை கண்ணால் கண்டவருக்குப் பேரம் பேசும் நா எழாது.

பாலாற்றைக் கடந்து

மறுநாள் தெற்கே செல்வோம். காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நேர்வழியில் பேருந்துகள் உண்டு. நேரம் உள்ளவர்கள் வாலாசாபாத்து வழியாகப் பழைய சீவரம் சென்று, பாலத்தில் ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் வழியாகவும் செல்லலாம். நாம் பரிந்துரைப்பது இந்தச் சுற்றுவழியைத்தான்.

ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாறு கூதிரில்தான் ஆறாகிறது. 2021 நவம்பரில் அது பெருக்கெடுத்து ஓடியதை இவ்வட்டாரத்தார் இன்னும் மறக்கவில்லை. இந்தச் சில வார நீரை ஆண்டு முழுமைக்கும் சேமிப்பதே பல்லவ நாட்டின் அடிப்படைச் சிக்கல். காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்துச் செப்பேடு, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டிப் பரமேசுவர தடாகத்துக்கு நீர் கொணர்ந்ததைக் கூறுகிறது. பெரும்பிடுகு என்பது அரசனின் விருதுப்பெயர். பரமேசுவரன் என்பது அரசனின் இயற்பெயர். கால்வாய்க்கும் ஏரிக்கும் மன்னர்கள் தம் பெயரை இட்டதிலிருந்தே அவற்றின் மதிப்பு தெரிகிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் பதினோராம் நூற்றாண்டுச் சோழன் வீரராசேந்திரனின் நெடிய கல்வெட்டு உள்ளது. கோயிலோடு இணைந்த கல்விச்சாலையையும், மாணவர் உணவையும், வீரசோழன் என்னும் பெயர்கொண்ட 15 படுக்கைகள் உள்ள ஆதுலசாலையையும் அது விவரிக்கிறது. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், தண்ணீர் தருபவர் என ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் கல்லில் உண்டு. மருந்தறையில் ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. மூன்று ஆறுகளின் ஓசை கேட்கும் நாளில் அதைச் சுற்றி வாருங்கள். இந்நாட்டார் எதையும் கணக்கோடு செய்தனர் என்பதற்கு உத்திரமேரூருக்குமுன் நமக்குக் கிடைக்கும் முதல் சான்று இது.

ஊர் நடுவே ஒரு மண்டபம்

உத்திரமேரூரில் முதலில் சுந்தரவரதப் பெருமாள் கோயிலைக் காணலாம். பல்லவர் காலத்துக் கோயிலான இதன் கருவறை மூன்று அடுக்குகள் கொண்டது. கீழே நின்ற கோலம், நடுவே அமர்ந்த கோலம், மேலே கிடந்த கோலம். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலைக் கண்டு வந்தவர்கள், அங்கே கீழ்த்தளத்தில் அமர்ந்தவர் இங்கே நடுத்தளத்துக்கு ஏறிவிட்டதை உடனே உணர்வர்.

அடுத்து, ஊரின் நடுவே உள்ள வைகுந்தப் பெருமாள் கோயில். மகாசபை கூடிய மண்டபம் இதுவே. முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய, அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய இரு தீர்மானங்கள் இதன் சுவரில் உள்ளன. வெங்கையா இவற்றைத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் விரிவாக வெளியிட்டார். நீலகண்ட சாத்திரியார் 1932இல் வந்த தம் ஆய்வு நூலில் இவ்வூர்ச் சபையை ஆழ்ந்து ஆராய்ந்தார். 1970இல் பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் இவ்வூருக்கென்றே தனி நூல் எழுதினர்.

செய்தி பலரும் அறிந்ததே. எனினும் ஒருமுறை சுருக்கமாக நினைவுகூர்வோம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. தகுதி உடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் இட்டனர். சிறுவரும் முதியவரும் நிறைந்த சபையில், நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் எழுந்து எல்லோரும் காணக் குடத்தை உயர்த்திக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்க, அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியத்தன் கையில் தருவான். மத்தியத்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதை ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது அன்றோ! அவர் படித்தபின், அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையைப் படிப்பர். பிறகே பெயர் ஏற்கப்படும்.

தகுதிகள் கடுமையானவை. வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். தன் மனையில் கட்டிய வீட்டில் வாழ வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே உடையவராயினும் கல்வியில் மிக்கவராயின் ஏற்கலாம். 919இல் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, 921இல் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. அந்நெறிமுறையில் ஏதோ ஒன்று சரிவரவில்லை என்று கண்டு, இரண்டே ஆண்டுகளில் ஊர் அதைத் திருத்தியிருக்கிறது. முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது. பொய்க்கையெழுத்து இட்டவரும், தண்டனையாகக் கழுதை ஏற்றப்பட்டவரும் வாழ்நாள் முழுதும் விலக்கப்பட்டனர்.

இவற்றினும் நம்மை நிறுத்தி வைப்பது மற்றொரு விதி. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் குடவோலைக்கு உரியர் அல்லர். அவர் மட்டுமன்று; அவர்தம் தந்தை, மக்கள், உடன்பிறந்தார், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள் என நீளும் உறவினர் அனைவரும் உரியர் அல்லர். கணக்கெழுதுவோருக்கும் தனி விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே சபைமுன் ஒப்புவித்து, தூயவர் எனப் பெயர் பெற்ற பின்னரே ஒருவர் மீண்டும் அப்பணிக்கு வர இயலும். வேறொருவரைக் கொண்டு முடித்துவைக்கவும் கூடாது.

கல்வெட்டின் மறுபாதி

இவ்வளவு அச்சமும் எச்சரிக்கையும் எதற்காக? பெரும்பாலோர் கேட்காமல் விடும் வினா இது. விடையும் அக்கல்வெட்டிலேயே உள்ளது. முப்பதின்மருள் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியே ஓலை எடுத்தனர். உயர்ந்ததான சம்வத்சர வாரியத்துக்கு எவர் செல்லலாம் என்பதில் ஒரு நிபந்தனை. முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவராகவும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவராகவும் இருத்தல் வேண்டும். ஏரியைக் காத்துப் பழகியவனுக்கே ஊரை ஆளும் தகுதி வரும் என்பது இதன் பொருள். பதவிக்காலம் 360 நாள். அதற்குள் ஒரு கூதிர் கட்டாயம் வந்துவிடும்.

அந்த ஏரியைக் காணச் செல்வோம். ஊரையடுத்துப் பரந்து கிடக்கும் உத்திரமேரூர் ஏரிக்குச் செய்யாற்றிலிருந்து வரத்துக் கால்வாய் உண்டு. தந்திவர்ம பல்லவன் காலக் கல்வெட்டுகள் இவ்வூர் ஏரியை வயிரமேகத் தடாகம் என்று பெயரிட்டு அழைக்கின்றன. பராந்தகனின் தீர்மானத்துக்கு நூறாண்டுக்கும் முன்பே இவ்வூர்ச் சபை இந்த ஏரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. மண்டபத்தின் பெருமை பிற்பட்டது. ஏரியின் கவலை முற்பட்டது.

கார்த்திகையில் கரைமீது ஏறி நில்லுங்கள். ஒருபுறம் கடல்போல் நீர். மறுபுறம் நீர்மட்டத்துக்குக் கீழே பச்சை நாற்றங்கால்களும் வீடுகளும். இரண்டுக்கும் இடையே இருப்பது மண்ணால் ஆன கரை ஒன்றே. மதகின் பலகையை எப்போது தூக்குவது, எந்த வயலுக்கு முதலில் விடுவது, கலங்கல் வழியே நீர் கோடிபோகும் இரவில் கரையை யார் காவல் காப்பது, கோடையில் வண்டலை அள்ளிக் கரைமேல் இடுவதற்கு எவர் பொன் தருவது, அப்பொன்னின் வட்டியை எவர் கையாள்வது? இவ்வினாக்களுக்குத் தவறான ஒருவர் விடை சொன்னால் ஊர் நீரில் போகும் அல்லது பயிர் வெயிலில் காயும். மத்தியத்தனின் ஐந்து விரல்களும் ஏன் விரிய வேண்டியிருந்தது என்பது இங்கு நிற்கும்போது தெளிவாகிறது. அது வெறும் சடங்கன்று. கரை உடைந்தால் முதலில் நனைவது தம் வீடுதான் என்று அறிந்தவர்கள் வகுத்த ஒழுங்கு.

எதைக் கொண்டாடுவது?

உத்திரமேரூரின் புகழ் அண்மை ஆண்டுகளில் பெருகியிருக்கிறது. 2020 டிசம்பர் 10ஆம் நாள், புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் இக்கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். பாடநூல்கள் இதனை மக்களாட்சியின் தொட்டில் என்கின்றன. மகிழ்ச்சியே. ஆயினும் வரலாற்றை நேசிப்போர் சிலவற்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

குடவோலை, வாக்களிப்பு அன்று, திருவுளச் சீட்டு. எவரும் எவரையும் தேர்ந்தெடுக்கவில்லை. தகுதியுடையோருள் ஒருவரைக் குடம் தேர்ந்தெடுத்தது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். அதன் சபை நிலமுடைய அந்தண ஆடவரின் சபை. பெண்களுக்கு அதில் இடமில்லை. நிலமற்றோருக்கும், அந்நிலத்தை உழுதோருக்கும் இடமில்லை. கரையில் மண் சுமந்த கூடைகள் எவர் தலையில் இருந்தன என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அவர் பெயர் எந்தக் குடத்திலும் இல்லை. சோழ நாட்டின் ஒவ்வோர் ஊரும் இவ்வாறே ஆளப்பட்டது என்று கொள்வதற்கும் சான்றில்லை. இத்தகைய சபையை இன்றைய மக்களாட்சியின் தாய் என்று அழைத்தால், அம்மக்களாட்சி எதை எதிர்த்துப் போராடிப் பிறந்ததோ அதையே தாயாக்கி விடுகிறோம்.

அப்படியானால் போற்றுவதற்கு ஒன்றுமில்லையா? உண்டு. பொதுப் பொருளைத் தொட்டவன் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாதவன் குடும்பத்தோடு ஒதுங்க வேண்டும். எவனும் நிலையாக அமரலாகாது. இவற்றையெல்லாம் எவரும் படிக்கும்படி ஊர் நடுவே கல்லில் பொறிக்க வேண்டும். இது அவர்களின் சாதியைச் சார்ந்ததன்று, காலத்தைச் சார்ந்ததுமன்று. அவ்வொழுங்கை அடைத்து வைத்திருந்த வேலியை நீக்கி எல்லோருக்கும் உரியதாக்கியது நம் அரசியலமைப்பு. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய மீதம் கணக்குத்தான்.

ஏரியின் பிற்கால வரலாறும் இதையே உணர்த்துகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிகள் மெல்ல மெல்ல ஊராரிடமிருந்து அரசுத் துறையிடம் சென்றன. ஊரார் கூடிச் செய்துவந்த குடிமராமத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்க 1858இல் சென்னை மாகாண அரசு முயன்றது. உரிமை கைவிட்டுப் போனபின் கடமை மட்டும் எப்படி நிலைக்கும்? 2017ஐ ஒட்டித் தமிழக அரசு அதே பெயரில் திட்டமொன்றைத் தொடங்கியதும், அச்சொல்லுக்கு மக்கள் மனத்தில் இன்னும் மதிப்பு இருப்பதனால்தான். ஆனால் பெயர் திரும்பியதுபோல், சபைமுன் கணக்கு ஒப்புவிக்கும் வழக்கம் கரைக்குத் திரும்பியதா என்பதை அவரவர் ஊரில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னும் சில வழிக்குறிப்புகள்

மூன்றாம் நாள் கையில் இருப்போர் கிழக்கே வேடந்தாங்கலுக்குச் செல்லலாம். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடத் தொடங்கும் பருவம் இது. பறவையெச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று கண்ட ஊரார் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்தனர். 1798இல் செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த லயோனல் பிளேசு அவ்வுரிமையை எழுத்தில் உறுதிசெய்தார். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கோயிலில் அதே ஆட்சியரைப் பற்றி வழங்கும் கதையும் உண்டு. கரை உடையும் தறுவாயில், அடைமழை இரவில் வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்பதைக் கண்டாராம். வெஃகாவில் படுத்துக் காத்தவர் இங்கே நின்று காக்கிறார். ஆயிரம் ஆண்டு கடந்தும் தொண்டை நாட்டாரின் கூதிர்க்கால அச்சமும் வேண்டுதலும் மாறவில்லை.

கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் மூடிப் பிற்பகல் 4 மணியளவில் திறக்கும். மழை நாட்களில் மாலை விரைந்து இருட்டிவிடும். ஆதலால் கல்வெட்டுகளைக் காலையிலேயே பாருங்கள். எழுத்துகளைத் தொடவோ, சுண்ணம் பூசிப் படிக்கவோ வேண்டா. புயல் அறிவிப்பு உள்ள நாளில் பயணத்தைத் தள்ளி வையுங்கள். ஏரி கோடிபோகும்போது கலங்கலில் இறங்காதீர்கள்.

நாள் குறிக்கும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு இறுதியாக ஒன்று. நவம்பர் 1ஆம் நாளைத் தமிழக அரசு உள்ளாட்சி நாளாக அறிவித்து, 2022 முதல் அன்று கிராம சபைகளைக் கூட்டி வருகிறது. ஐப்பசியின் நடுவில் வரும் நாள் அது. உத்திரமேரூர் பேரூராட்சி ஆதலின் கிராம சபைக் கூட்டம் அங்கு இல்லை. ஆனால் சுற்றியுள்ள சிற்றூர்கள் ஒவ்வொன்றிலும் உண்டு. மண்டபத்தைப் பார்த்துவிட்டு அவற்றுள் ஒன்றின் ஓரத்தில் சற்று நேரம் நின்று கேளுங்கள். பராந்தகன் காலக் குடத்தில் பெயர் இடம்பெற இயலாத பெண்களும் உழவரும் அங்கே எழுந்து நின்று, ஏரிக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று வினவும் உரிமை உடையவர்கள். அவ்வினாவுக்கு எழுதிய கணக்கோடு விடை கிடைக்கும் ஊரில் கல்வெட்டு இன்னும் வாழ்கிறது. விடை கிடைக்காத ஊருக்கு, சுவரில் உள்ளதைப் படித்துச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.